ஏசி ஜில்லென்று இருக்கிறது, பிசுபிசுப்பு மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி இதுதான். சென்னையில் கடலை ஒட்டிய தண்டையார்பேட்டையில் மூன்று மாடிக் குடியிருப்பு, அதில் இரண்டாவது மாடி வீடு. படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, நான்கு பேர் படுக்கிறார்கள். போன வருடம் 1.5 டன், 5 ஸ்டார் இன்வர்ட்டர் ஏசி வாங்கி மாட்டினார்கள். பத்து நிமிடத்தில் அறை ஜில்லென்று ஆகிவிடுகிறது. ஆனால் உடம்பில் பிசுபிசுப்பு போகவில்லை. விடியற்காலையில் போர்வை ஈரமாக இருப்பது போலத் தோன்றுகிறது. பீரோவைத் திறந்தால் பூஞ்சை வாடை. பழைய விண்டோ ஏசியில் இந்தத் தொல்லையே இல்லை. சர்வீஸுக்கு வந்தவர் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு, போட்டுடலாம்" என்கிறார். போடலாமா அண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குப் போட வேண்டாம் தம்பி. பத்து நிமிடத்தில் அறையை ஜில்லென்று ஆக்கும் மெஷினில் கேஸ் குறைவாக இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. உங்கள் ஏசியின் பிரச்சினை அது வேலை செய்யாததல்ல, வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுவது. இது கேட்க வினோதமாக இருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் புரிந்துவிடும்.

நான் இந்த வேலையைக் கற்றது காசிமேட்டில், ஒரு ஐஸ் பிளான்ட்டில் ஹெல்பராக. அங்கே அம்மோனியா ஓடும் குழாய்கள் மேலெல்லாம் வெள்ளையாக உறைபனி பிடித்திருக்கும். பனி பிடிக்காத இடங்களில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். முதல் வாரம் குழாய்தான் ஒழுகுகிறது என்று நினைத்து ஃபோர்மேனிடம் ஓடினேன். அவர் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸைப் போட்டு என் கையில் கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்து, விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. "டம்ளர்ல ஓட்டை இருக்கா? காத்துல இருக்கிற தண்ணிடா அது" என்றார். ஏசி ஈரத்தை எடுப்பது முழுக்க இந்த ஒரே வித்தையால்தான். இன்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் 'காயில்', அதாவது குளிர்ந்த கேஸ் ஓடும் குழாய்ச்சுருள், அந்தக் குளிர்ந்த டம்ளர் மாதிரி. அறைக்காற்று அதைத் தொட்டுப் போகும்போது வேர்க்கிறது. வேர்த்தது தட்டில் விழுந்து ட்ரெயின் பைப் வழியாக வெளியே போகிறது. காயில் போதுமான அளவு குளிர்ந்திருந்தால்தான் வேர்க்கும். போதுமான நேரம் குளிர்ந்திருந்தால்தான் அந்த வேர்வை சொட்டி வெளியேறும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அறை குளிரும், ஆனால் காயாது.

நம் பக்கத்துக் காற்று எவ்வளவு தண்ணீரைச் சுமந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். வங்கக் கடலின் மேல்தண்ணீரே வருடத்தில் பெரும்பகுதி 28, 29 டிகிரி சூட்டில் இருக்கிறது. அதை உரசிக்கொண்டு ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வழியாக ஏறிவரும் காற்று சாதாரணமாகவே 30 டிகிரி, 80 சதவீதம் ஈரப்பதம் என்று இருக்கும். அப்படிப்பட்ட காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. இந்தக் காற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எடுக்காமல் வெறுமனே 26 டிகிரிக்கு இறக்கினால் என்ன ஆகும்? குளிர்ந்த காற்றால் குறைவான தண்ணீரைத்தான் சுமக்க முடியும், அதனால் ஈரப்பதம் 100 சதவீதம் ஆகிவிடும். நான்கே டிகிரிதான் வித்தியாசம். ஆகவே குளிர வைப்பது வேறு, காய வைப்பது வேறு. நம் ஊரில் காய வைக்காமல் குளிர மட்டும் வைத்தால் கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும்.

உங்கள் அறை பத்தடி உயரம் என்று வைத்தால் உள்ளே 34 கன மீட்டர் காற்று. அதில் 800 கிராமுக்குச் சற்று மேல் தண்ணீர். 24 டிகிரியில் 55 சதவீதம் என்ற சுகமான நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டுமானால் பாதியை, சுமார் 400 கிராமை எடுக்க வேண்டும். ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியிலிருந்து நீராக மாற்ற காயில் இழுக்க வேண்டிய வெப்பம், அந்த அறையின் மொத்தக் காற்றையும் 6 டிகிரி குளிரவைக்கத் தேவையான வெப்பத்தைப் போலப் பத்து மடங்கு. தண்ணீர் எடுப்பது அவ்வளவு கனமான வேலை. சுவர், கட்டில், மெத்தையின் சூட்டை இதில் நான் சேர்க்கவில்லை, காற்றை மட்டும் சொல்கிறேன்.

அடுத்தது, ஏசிக்கு ஈரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குள் இருப்பது வெப்பநிலையை அறியும் ஒரு சின்ன சென்சார். நீங்கள் ரிமோட்டில் 24 என்று வைத்தால், 24 வந்ததும் தன் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஈரப்பதம் 50 சதவீதமா, 80 சதவீதமா என்று பார்க்கும் கண் வீட்டு ஏசிகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. இதில் மனதைத் தொடும் ஒரு விஷயம் உண்டு. 1902இல் வில்லிஸ் கேரியர் அமெரிக்காவின் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்காக இந்த ஏற்பாட்டை வடிவமைத்தபோது அவரிடம் கேட்கப்பட்டதே ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஈரத்தில் காகிதம் உப்பிச் சுருங்கி, ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம் சரியாக உட்காராமல் அச்சு கெட்டுக்கொண்டிருந்தது. ஈரத்துக்காகப் பிறந்த மெஷின் இன்று நம் படுக்கையறையில் டிகிரியை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் 1.5 டன். டன் என்றால் மெஷினின் எடை இல்லை. ஐஸ் பிளான்ட் காலத்து அளவு அது. 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அது ஒரு டன், ஏறக்குறைய 3.5 கிலோவாட். 1.5 டன் என்றால் 5.3 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் அறைக்கு மேலே இன்னொரு வீடு இருக்கிறது, மொட்டை மாடிச் சூடு நேராக இறங்கவில்லை. இரவு பத்து மணிக்கு அந்த அறைக்கு இவ்வளவு குளிர்ச்சி தேவையே இல்லை. கடையில் "எதுக்கும் பெருசா எடுத்துக்கோங்க சார்" என்று சொல்லியிருப்பார்கள். எல்லோரும் சொல்வதுதான். ஃபேன் வாங்கும்போது பெரிதாக வாங்கினால் நஷ்டமில்லை. ஏசியில் நஷ்டம் உண்டு, நம் கடலோரத்தில் நிச்சயம் உண்டு.

ஏன் என்றால், பெரிய மெஷின் காற்றின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும். காயில் வேர்க்க ஆரம்பித்து, அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பி, அப்புறம்தான் தட்டில் முதல் சொட்டு விழும். அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் 24 வந்துவிட்டால் கம்ப்ரஸர் அடங்கிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் ப்ளோயர் சுற்றிக்கொண்டே இருக்கும். தகடுகளில் ஒட்டியிருக்கும் தண்ணீரை அதே ப்ளோயர் திரும்ப அறைக்குள் ஊதிவிடும். ஈரத்துணி மேல் ஃபேன் போட்ட மாதிரி. கம்ப்ரஸர் நின்றதும் ஒரு வகையான ஈரவாடையோடு மந்தமான காற்று வரும் பாருங்கள், அது இதுதான்.

உங்களுடையது இன்வர்ட்டர், அது நிற்காதே என்று கேட்பீர்கள். சரிதான். இன்வர்ட்டரில் கம்ப்ரஸர் நிற்பதற்குப் பதில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் காயில் முன்பு போலக் குளிராது. முழு வேகத்தில் 10 டிகிரி இருந்த காயில், மெதுவாக ஓடும்போது 17, 18 டிகிரிக்கு ஏறிவிடலாம். 17 டிகிரிக் காயிலை வைத்துக்கொண்டு, 24 டிகிரி அறையின் ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்குக் கீழே இறக்க முடியாது. கணக்கு அனுமதிக்காது. 20 டிகிரிக்கு ஏறிவிட்டால் 78 சதவீதத்தோடு நின்றுவிடும். மெஷின் ராத்திரி முழுக்க சத்தமில்லாமல் ஓடும், கரண்ட் குறைவாக எடுக்கும், டிஸ்ப்ளேயில் 24 காட்டும். நீங்கள் மட்டும் பிசுபிசுவென்று புரண்டுகொண்டிருப்பீர்கள்.

5 ஸ்டாருக்கும் இதில் பங்கு உண்டு. கரண்டை மிச்சப்படுத்த ஒரு முக்கிய வழி, காயிலைப் பெரிதாக்கி, அது ரொம்பக் குளிராமலேயே வேலையை முடிக்க வைப்பது. ஸ்டார் கொடுக்க மெஷினைச் சோதிக்கும் அறையில் உள்ளே 27 டிகிரி, ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவது) 19 டிகிரி. அதை ஈரப்பதமாக மாற்றினால் சுமார் 47 சதவீதம். 47 சதவீதம்! நம் வீட்டில் எந்த மாதத்தில் அப்படி இருக்கிறது? ஒரு யூனிட் கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி என்று ஸ்டார் சொல்கிறது, எவ்வளவு தண்ணீர் எடுத்தது என்று சொல்வதில்லை. 5 ஸ்டார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டிலும் அதுதான் இருக்கிறது. அதை ஓட்டும் விதத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். உங்கள் பழைய விண்டோ ஏசியின் காயில் சின்னது, அதனால் ரொம்பக் குளிரும். கம்ப்ரஸரும் ஒரே வேகம். கரண்டைக் குடித்தது, ஆனால் வெளியே சொட்டிக்கொண்டே இருந்திருக்கும்.

பலர் 18 வைத்துக்கொண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் திட்டுவார்கள். உண்மையில் அவர்கள் தெரியாமலேயே ஈரத்தைத்தான் விரட்டுகிறார்கள். 18 வைத்தால் கம்ப்ரஸர் வேகம் குறையாது, காயில் குளிர்ந்தே இருக்கும், தண்ணீர் நிறைய வெளியேறும். உடம்பு காய்ந்தது போல இருக்கும். அதற்குக் கொடுக்கும் விலை கரண்ட் பில் மட்டுமில்லை, சுவரும்தான்.

இந்தச் சுவர் விஷயத்தை நான் ராயபுரத்தில் ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். ஹாலில், படுக்கையறையை ஒட்டிய சுவரில் மட்டும் ஆளுயரத்துக்குக் கரும்புள்ளி. பெயின்டர் இரண்டு தடவை பட்டி பார்த்து அடித்தும் திரும்பத் திரும்ப வந்தது. பைப் கசிகிறது என்று சுவரை உடைக்கத் தயாராக இருந்தார்கள். உள்ளங்கையை வைத்தேன், சுவர் ஐஸ் மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் ராத்திரி முழுக்க 18 டிகிரி. இந்தப் பக்கம் ஹாலில் ஜன்னல் திறந்து கடல் காற்று. அந்தக் காற்று 26 டிகிரியிலேயே வேர்க்கக் கூடியது. சுவர் அதற்குக் கீழே போய்விட்டது, அதனால் ஹால் பக்கம் வேர்த்தது. ஐஸ் போட்ட டம்ளர்தான், வேறொன்றுமில்லை. 25க்கு ஏற்றி, உள்பக்கம் பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைக்கச் சொன்னேன். சுவரை உடைக்கவில்லை. உங்கள் பீரோவும் வெளிச்சுவரையோ பாத்ரூம் சுவரையோ ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். பின்னால் காற்று புகாத இடத்தில் பூஞ்சை கட்டாயம் வரும்.

மெஷினை இவ்வளவு சொன்னேன். ஆனால் நான் போய்ப் பார்க்கும் பத்து வீட்டில் ஆறு ஏழு வீட்டில் பெரிய குற்றவாளி மெஷின் இல்லை, கதவுதான். கதவு, ஜன்னல், வென்டிலேட்டர், ஏசி பைப் போகச் சுவரில் போட்ட ஓட்டை. அறைக்காற்று மணிக்கு ஒரே ஒரு தடவை வெளிக்காற்றோடு மாறினால்கூட, மணிக்கு 400 கிராமுக்கு மேல் புதுத் தண்ணீர் உள்ளே வருகிறது. கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி, மேலே பழைய வென்டிலேட்டரில் செருகிய செய்தித்தாள், இவை இருந்தால் ஒரு தடவைக்கு மேலேயே மாறும். நீங்கள் ராத்திரி முழுக்க கடலை அறைக்குள் இறைத்து, ட்ரெயின் பைப் வழியாக வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

எல்லாவற்றிலும் மோசம், அறையோடு சேர்ந்த பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் ராத்திரி முழுக்க ஓடுவது. சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன்கூட மணிக்கு 200 கன மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடியது. உங்கள் அறையில் இருப்பதே 34. அது வெளியே தள்ளும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் பதிலாக ஒரு கன மீட்டர் கடல் காற்று எங்கேயாவது ஒரு சந்து வழியாக உள்ளே வந்தே தீரும். குளித்த பிறகு இருபது நிமிடம் ஓட்டுங்கள், பாத்ரூம் கதவைச் சாத்துங்கள், நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் வீட்டுக்குள்ளேயே பிறக்கும் ஈரம். ஒரு ஆள் தூங்கும்போது மூச்சிலும் தோலிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் தண்ணீர் விடுகிறார். நான்கு பேர், எட்டு மணி நேரம், ஒன்றேகால் லிட்டர். இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் வாஷிங் மெஷினில் பிழிந்த துணியை மழைநாளில் படுக்கையறைக் கொடியில் போடுவதைத் தடுக்கலாம். ஒரு லோடு துணியில் 2, 3 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஏசி போட்டால் சீக்கிரம் காயும் என்று போடுகிறார்கள். காயும், ஆனால் உங்கள் தூக்கத்தைச் செலவழித்து. தண்ணீர் லாரி வந்த அன்று ட்ரம்மை நிரப்பி மூடாமல் படுக்கையறை வாசலில் வைப்பதும் இதே கணக்குதான். மூடி போட்டால் போதும். படுக்கப் போகும் முன் தரையை ஈர மாப் போட்டுத் துடைப்பதையும் விட்டுவிடுங்கள். காலையில் துடைக்கலாம்.

இன்னொரு பழக்கம், கரண்ட் பில்லுக்குப் பயந்து இரண்டு மணி நேரம் டைமர் வைத்து நிறுத்துவது. பயம் நியாயமானது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எப்படி ஏறும் என்று எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு மணி நேரத்தில் காற்று மட்டுமே காய்ந்திருக்கும், மெத்தை, தலையணை, துணி, சுவர்ப் பூச்சு எதுவும் காய்ந்திருக்காது. இவை எல்லாம் லிட்டர் கணக்கில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பவை. ஏசி நின்றதும் அவை திரும்ப விட ஆரம்பிக்கும். காயிலில் தங்கிய தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். மூடிய அறை, நான்கு பேர். மூன்று மணிக்கு எல்லோரும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு 26 வைத்து, சீலிங் ஃபேனைச் சுற்றவிட்டு, விடியும்வரை ஓட்டுவது மேல். ஃபேன் காற்றில் உடம்பு வேர்வை காயும். 26 டிகிரி 24 போலத் தோன்றும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் ஏசி நன்றாகத்தான் காய வைக்கும், ஏனென்றால் சூடு அதிகம், மெஷின் விடாமல் முழு வேகத்தில் ஓடும். மழைக்காலத்தில் வெளியே 26, ஈரப்பதம் 90க்கு மேல். சூடே இல்லை, ஈரம் மட்டும்தான். 24 வைத்தால் இரண்டு டிகிரி இறக்கிவிட்டு மெஷின் அடங்கிவிடும். தண்ணீர் எடுக்க அதற்குக் காரணமே கிடைக்காது. தோல் செருப்பு, பெல்ட், பிள்ளைகளின் சர்டிஃபிகேட் எல்லாம் பூஞ்சை பிடிப்பது இந்த இரண்டு மாதத்தில்தான். ட்ரை மோட் இருப்பது இந்தக் காலத்துக்காகத்தான். அதில் ப்ளோயர் மெதுவாகச் சுற்றும், காற்று குளிர்ந்த காயிலை நிதானமாகத் தொட்டுப் போகும், சூட்டை இறக்குவதைவிடத் தண்ணீரை எடுப்பது அதிகமாக நடக்கும். அறை வெளியைவிடக் கொஞ்சம்தான் குளிரும். "ட்ரை மோட்ல கூலிங்கே வரல" என்று புகார் சொல்வார்கள். அது கூலிங்குக்கு இல்லை.

வெயில் காலத்தில் ட்ரை மோட் போட வேண்டாம், கூல் மோடே சரி. முதல் அரை மணி நேரம் ப்ளோயரை வேகமாக வையுங்கள். அறை குளிர்ந்ததும் ஆட்டோவில் விடாமல் நீங்களே 'லோ'வில் வையுங்கள். காற்று மெதுவாகப் போனால் காயில் இன்னும் குளிரும், அதிகம் வேர்க்கும். உங்களுடையது போலப் பெரிய மெஷினுக்கு இந்த ஒரு பட்டன்தான் மிகப் பெரிய மருந்து. சில மாடல்களில் மெஷினின் திறனையே 80, 60, 40 சதவீதம் என்று ரிமோட்டில் குறைக்கும் வசதி இருக்கிறது. அதில் எச்சரிக்கை. திறனைக் குறைத்து ப்ளோயரை வேகமாக விட்டால் காயில் சூடாகிவிடும், ஈரம் போகவே போகாது. இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். ஏசியை நிறுத்தியதும் தானே ப்ளோயரை ஓட்டிக் காயிலைக் காய வைக்கும் வசதி உங்களுடையதில் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள், காயிலில் பூஞ்சை பிடிக்காது. ஆனால் அந்தத் தண்ணீர் அறைக்குள்தான் வரும். ஆகவே காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்த பிறகு நிறுத்துங்கள்.

ஜன்னலைத் திறப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. சந்தெல்லாம் அடைக்கச் சொன்னேன் என்று அறையைக் காற்றே புகாத டப்பா ஆக்கிவிட வேண்டாம். நான்கு பேர் மூச்சு விடும் அறை. கதவுக்குக் கீழே ரப்பர் பட்டை, ஜன்னலுக்கு ஃபோம் டேப், பைப் ஓட்டைக்குப் புட்டி, இவ்வளவு செய்தாலே போதும். எப்படியும் கொஞ்சம் காற்று வந்துபோய்க்கொண்டுதான் இருக்கும். படுக்கும் முன்னும் எழுந்த பின்னும் கதவைப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள்.

இதெல்லாம் சரியாகப் போகிறதா என்று தெரிய, ஈரப்பதத்தைக் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் வருகிறது. ஆனால் விலை குறைந்தவை ஐந்து, பத்து சதவீதம் தப்பாகக் காட்டும். அதைச் சோதிக்க நம் சமையலறையிலேயே வழி இருக்கிறது. ஒரு சின்ன மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் போல ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு கண்ணாடி டப்பாவுக்குள் வைத்து, இறுக்க மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மீட்டர் 75 காட்ட வேண்டும். சாதாரண உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீதத்தில் நிறுத்திவிடும், அது உப்பின் குணம். மீட்டர் 70 காட்டினால், நீங்கள் எப்போதும் 5 கூட்டிக்கொள்ள வேண்டும். கல் உப்பு வேண்டாம், அதில் மெக்னீசிய உப்பும் கலந்திருக்கும், அது இன்னும் காய்ந்த காற்றிலேயே தண்ணீரை இழுக்கும், கணக்கு மாறிவிடும். மழை வருவதற்கு முன்பே கல் உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான்.

இனி முக்கியமான சோதனை. வெளியே ட்ரெயின் பைப் முனையில் ஒரு வாளி வையுங்கள். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை விழுந்த தண்ணீரை லிட்டர் பாட்டிலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஏசி ஓடும்போதே அறையின் ஈரப்பதத்தையும் பாருங்கள். 1.5 டன் மெஷின் முழு வேகத்தில் ஓடினால் நம் ஊர்க் காற்றில் மணிக்கு 2 லிட்டர்வரை எடுக்கும் சக்தி உள்ளது. வாளியில் 8, 10 லிட்டர் விழுந்தும் அறையில் 70 சதவீதம் என்றால், மெஷின் உழைக்கிறது, வெளிக்காற்று எங்கோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது. கதவைப் பாருங்கள். வாளியில் 2 லிட்டர்கூட இல்லை, அறையிலும் 70 என்றால், மெஷின் தண்ணீரை எடுக்கவில்லை. ப்ளோயர் வேகத்தைக் குறையுங்கள், ஃபில்டரையும் காயிலையும் சுத்தம் செய்யுங்கள். வாளியில் 3, 4 லிட்டர், அறையில் 55, 60 என்றால், சந்தோஷமாகத் தூங்குங்கள். முதல் சில நாள் மெத்தையும் சுவரும் விடும் ஈரம் சேர்ந்து தண்ணீர் கூடுதலாகவே வரும். ஒரு வாரம் கழித்து வரும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் மழைக்காலத்தில் 65க்குக் கீழே இறங்கவில்லை என்றால், காற்றிலிருந்து ஈரத்தை மட்டும் எடுக்கும் டீஹ்யூமிடிஃபையர் ஒன்று வாங்கலாம். ஆனால் அது எடுக்கும் ஈரத்தின் வெப்பத்தையும், தான் குடிக்கும் கரண்டின் வெப்பத்தையும் அறைக்குள்ளேயே விடும். மழைக்காலத்துக்கு அது பரவாயில்லை, கோடையில் ஏசிக்குச் சுமைதான். பீரோவுக்குள் சிலிகா ஜெல் பை போதும். ஏர் கூலரை மட்டும் இந்த அறைக்குள் கொண்டுவராதீர்கள். அது தண்ணீரை ஆவியாக்கிக் காற்றில் சேர்க்கும் மெஷின். கடலோரத்தில் அதற்கு இடமில்லை.

கடைசியாகக் கேஸ். அது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காமல் கேஸ் மட்டும் போட்டால் சில மாதத்தில் அதுவும் போய்விடும். உப்புக் காற்றில் நம் பக்கத்து அவுட்டோர் காயில்கள் சீக்கிரம் அரிக்கத்தான் செய்கின்றன, ஆகவே சந்தேகமே படக்கூடாது என்று சொல்லமாட்டேன். 18 வைத்து முழு வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, இன்டோருக்குள் போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் ஒரு தெர்மாமீட்டரால் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் கேஸைத் தொட வேண்டாம். வித்தியாசம் அதைவிடக் குறைந்து, அவுட்டோரில் இருக்கும் மெல்லிய குழாயின் வால்விலோ உள்ளே காயிலின் ஒரு மூலையில் மட்டுமோ வெள்ளையாகப் பனி பிடித்திருந்தால், அப்போது கூப்பிடுங்கள். வருபவரிடம் முதலில் லீக் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். அடைத்த பிறகு மெஷினில் ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அந்த அளவை எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

அதுவரை மூன்று எண்கள் மட்டும் எடுத்து வையுங்கள் தம்பி. வாளித் தண்ணீர் எத்தனை லிட்டர், காலை ஈரப்பதம் எத்தனை, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் எத்தனை டிகிரி. அடுத்த வாரம் எழுதுங்கள், மெஷினா கதவா என்று சொல்லிவிடுகிறேன்.